ஒற்றைக்காலில் நின்ற மந்திரி

இரவு ஷிப்ட் முடிந்து குருபரப்பள்ளியிலிருந்து ஓசூர் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், அரைத்தூக்கத்தில் இருப்பவரின் செல்போனில் அந்த ஃபார்வர்டு அடிக்கடி வந்து விழும். ‘தாய்லாந்து அரண்மனையில் தமிழ்ப்பாட்டு! கடல் கடந்து ஆண்டவன் தமிழன்! பத்துப் பேருக்கு அனுப்பு!’ கூடவே யானைமேல் ராஜேந்திர சோழன், பின்னணியில் தீப்பிடித்த கப்பல்கள். அவரும் பத்துப் பேருக்குத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் வேலை பார்ப்பது டெல்டா எலக்ட்ரானிக்ஸ் என்றால் இன்னும் விசேஷம். தைவானில் பிறந்த அந்தக் குழுமத்தின் தாய்லாந்துக் கம்பெனிதான் இந்தியக் கம்பெனிக்கு முதலாளி. ஆக, கடல் கடந்து வந்து கிருஷ்ணகிரியில் இடம் பிடித்தவர்கள் அவர்கள். இதை யாரும் பத்துப் பேருக்கு அனுப்புவதில்லை.

கல்யாண மண்டபத்தையும் பாருங்கள். ஓசூர் ரோஜா பிப்ரவரி 14-க்காக விமானம் ஏறி, பல தேசத்துக் காதலர்களின் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதே ஓசூரின் முகூர்த்த மேடையில் ஊதா நிறத்தில் விறைப்பாக நிற்பது தாய்லாந்து ஆர்க்கிட். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான் லோக்கல்.

சரி, அந்த ஃபார்வர்டு பொய்யா? முழுப்பொய்யாக இருந்தால் நிம்மதியாக டெலிட் செய்துவிடலாம். பாதி நிஜம். நிஜப் பாதியில் எரியும் கப்பல்கள் கிடையாது. ஒரு தட்டான், ஒரு துறவி, ஒரு குளம், ஒற்றைக்காலில் நிற்கும் மந்திரி, பிறந்த ஊரை மாற்றிச் சொன்ன டீச்சர், பொருளாதாரம் கணிக்கும் இரண்டு மாடுகள்... எந்தப் பாதி சுவாரஸ்யம், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கல்வெட்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏரிக்கரை, வயல் வரப்பு என்று தடுக்கி விழுந்தால் நடுகல். மாட்டைக் கவரப் போய்ச் செத்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று கையில் வாளும் வில்லுமாக நிற்கிறார்கள். உள்ளூர்க் கல்லிலேயே இவ்வளவு ரத்தம் என்றால், கடல் தாண்டிப் போய்த் தமிழன் நட்ட கல்லில் எவ்வளவு இருக்கும்!

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவா பா என்ற ஊர்ப்பக்கம் அப்படி ஒரு கல் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. ஜெர்மன் அறிஞர் ஹூல்ட்ஷ் 1913-ல் படித்துச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் செடேஸ் குனிந்து பார்த்தார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கட்டுரை எழுதினார். இத்தனை பெரிய மூளைகள் சேர்ந்து உடைந்த எழுத்துகளுக்குள் தேடியபோது உள்ளேயிருந்து வெளிவந்தது... ஒரு குளம்.

நாங்கூர்க்காரர் ஒருவர் குளம் வெட்டியிருக்கிறார். அதை மணிக்கிராமத்து வணிகர்களும் சேனாமுகத்தாரும் பாதுகாக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ‘சேனாமுகம்’ என்றதும் படை போயிருக்கிறதே என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். போயிருந்தாலும், குளத்துக்குக் காவல்.

அரசர் இல்லாமலா? இருக்கிறார். குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். பஸ் ஸ்டாண்டுக்குத் தலைவர் பெயர் வைப்பது நேற்று வந்த பழக்கம் என்று நினைத்தோம், பாருங்கள்.

இதற்கும் மூத்த சாட்சிகள் உண்டு. கிராபி மாகாணத்தின் க்ளோங் தோமில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. ஹாஸ்டல் வாளியில் பெயிண்டால் பேரெழுதி வைப்போமே, அந்த ஜாதி. பக்கத்துப் பட்டறைக்காரன் கல்லைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்த ஒரு தட்டான்தான், தென்கிழக்காசியாவில் தமிழின் ஆதி எழுத்தாளர்களில் ஒருவர். அவரை யானைமேல் ஏற்றி யாரும் போட்டோஷாப் செய்வதில்லை.

அதையும் விடப் பழையது ஒரு பானை ஓடு. ரனோங் மாகாணத்தின் பூ காவ் தோங்கில் தோண்டியெடுத்தது, 2006-ல் செய்தியானது. மிஞ்சியிருப்பது மூன்றே எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதைத் துறவியைக் குறிக்கும் சொல்லின் பகுதியாக இருக்கலாம் என்று படித்தார். காலம் இரண்டாம் நூற்றாண்டு. எல்லாவற்றையும் துறந்துவிட்டுக் கடலேறிய மனிதர், பானையை மட்டும் பேரெழுதித் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்.

ராஜேந்திரன் போகவே இல்லையா என்று கோபப்படாதீர்கள். 1025 வாக்கில் கடாரத்தின் மீது படையெடுத்தான். பிடித்த ஊர்களின் பட்டியலில் தலைத்தக்கோலம் வருகிறது. அது இந்தத் தகுவா பாவாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் பொறித்திருப்பது தஞ்சாவூரில். ஜெயித்த ஊரில் போர்டு வைக்காமல் சொந்த ஊரில் ஃபிளக்ஸ் அடித்த முதல் ஆள் அவனாக இருக்க முடியாது. கடைசி ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த ஃபிளக்ஸை நம்பி நூறாண்டுக்கு முன் பெரிய பெரிய பேராசிரியர்களே மயங்கினார்கள். 1926-ல் கல்கத்தாவில் ‘கிரேட்டர் இந்தியா சொசைட்டி’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தாகூர் அடுத்த ஆண்டே தாய்லாந்துக்கு, அன்றைய பெயரில் சயாமுக்கு, போய் நெகிழ்ந்துவிட்டு வந்தார். ஆர்.சி. மஜும்தார் தூரக் கிழக்கின் ‘பழைய இந்தியக் காலனிகள்’ பற்றித் தடித்தடிப் புத்தகம் போட்டார். நாமே ஒரு காலனியாக இருந்துகொண்டு, ‘எங்க தாத்தா காலத்துல எங்ககிட்டயும் காலனி இருந்துச்சு’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எந்தக் காலத்திலும் யாருக்கும் காலனியாக இல்லாத சயாம்காரர்கள் இதையெல்லாம் புன்னகையோடு கேட்டுக்கொண்டார்கள்.

புன்னகைக்கக் காரணம் இருந்தது. எதை எடுத்துக்கொள்வது, எதைக் கடலிலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். மன்னர் புத்த மதம். அவருக்குப் பட்டம் ராமர். இப்போது இருப்பவர் பத்தாவது ராமர். முடிசூட்டப் பிராமணர்கள். அரசு முத்திரையில் விஷ்ணுவின் கருடன். அரண்மனையின் நம்பிக்கைக்குரிய கம்பெனிகளுக்கு அந்தக் கருடனை வாசலில் மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு. நம்மூர்க் கம்பெனி வாசலில் ஐ.எஸ்.ஓ. போர்டு மாட்டுகிறோமே, கிட்டத்தட்ட அது. என்ன, அங்கே வைகுண்டத்து வாகனமே ஆடிட்டர்.

இப்போது நம் மந்திரிக்கு வருவோம். பாவம், ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கிறார்.

பாங்காக்கில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலுக்கு எதிரே சுமார் 21 மீட்டர் உயரத்தில் சிவப்பாக ஒரு தேக்கு வாசல் நிற்கிறது. கதவும் இல்லை, சுவரும் இல்லை. முதலாம் ராமர் 1784-ல் எழுப்பிய ராட்சத ஊஞ்சல் அது. இன்று ஊஞ்சல் பலகை கிடையாது, சட்டம் மட்டும்தான். டூரிஸ்ட்டுகள் அதன்முன் நின்று, இது எதற்கு என்று தெரியாமலே செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் மார்கழியை ஒட்டி அங்கே ‘த்ரியம்பவாய்’, ‘த்ரிபவாய்’ என்று சடங்குகள். திருவெம்பாவை, திருப்பாவைதான், கப்பலில் போகும் வழியில் கொஞ்சம் நசுங்கிவிட்டன. சிவன் பத்து நாள் விசிட்டாகப் பூமிக்கு வருகிறார். அவர் கிளம்பும் சமயத்தில் விஷ்ணு ஐந்து நாளுக்கு வருகிறார். நம் சைவ, வைணவப் பஞ்சாயத்துகள் பல நூற்றாண்டாகப் பேசித் தீராதவை. அங்கே ஷிப்ட் போட்டு முடித்துவிட்டார்கள்.

வரும் சிவனுக்கு உடம்பு வேண்டுமே? பிரயா பட்டம் பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் அந்த வேடம் ஏற்பார். வெகுகாலம் அது விவசாயத் துறையைக் கவனித்த மந்திரியின் வேலை. ஊர்வலமாக வந்து, பந்தலில் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி அந்தத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஊஞ்சலாட்டம் முடியும்வரை அந்தக் காலை இறக்கக் கூடாது. இறக்கினால் அவருடைய சொத்தைப் பிராமணர்கள் எடுத்துக்கொள்ளலாம். உலக வரலாற்றில் மந்திரியின் சொத்துக்கு இவ்வளவு எளிமையான செக்கிங் வேறெங்கும் இருந்ததில்லை.

ஊஞ்சலில் நால்வர் நால்வராக மூன்று அணிகள். தலையில் நாகத் தொப்பி. எதிரே மூங்கில் கம்பத்தில் பணமுடிப்பு. அதைப் பல்லால் கவ்வ வேண்டும். கையால் எடுத்தால் செல்லாது. கைமாற்றுக்கு வழியே இல்லாத ஒரே அரசு நிதி அதுவாகத்தான் இருக்கும்.

எதற்கு இதெல்லாம்? அவர்கள் சொல்லும் புராணம் ஓசூர்க்காரருக்கு உடனே புரியும். உலகத்தைப் படைத்துவிட்டார்கள். சிவனுக்குச் சந்தேகம்: இது தாங்குமா? ஒற்றைக்காலை ஊன்றி நின்றுகொண்டு, நாகங்களை விட்டு உலுக்கச் சொன்னார். உலகம் ஆடவில்லை. கியூ.சி. பாஸ்! பைக் ஃபாக்டரியில் வண்டியை வைப்ரேஷன் மெஷினில் ஏற்றி உலுக்குகிறார்களே, அதன் ஆதி வடிவம் இதுதான். வாரண்டி எத்தனை வருடம் என்று மட்டும் புராணம் சொல்லவில்லை.

இதையெல்லாம் உட்கார்ந்து எழுதி வைத்தவர் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர். 1920-களில் சயாம் அரசவையில் உத்தியோகம் பார்த்தவர். 1931-ல் வெளியான அவருடைய ‘சயாமின் அரசுச் சடங்குகள்’ இன்றும் ஆய்வாளர்களின் கைப்புத்தகம். நான்காம் ராமரான மோங்குட் மன்னரின் காலத்தில் இந்தச் சிவன் வேடக் கௌரவத்தை ஆண்டுக்கொரு பிரயாவுக்குச் சுழற்சி முறையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். மற்ற பிரயாக்களுக்குத் தினமும் கால் நடுங்கியிருக்கும். கௌரவம் என்றால் சும்மாவா?

அந்த விவசாய மந்திரிக்கு வருடத்துக்கு இன்னொரு ரோலும் இருந்தது: ஏர் பூட்டும் விழா. அது இன்றும் மே மாதத்தில் நடக்கிறது. நடுவில் நின்றுபோய் 1960-ல் மீண்டும் வந்தது. விவசாயத் துறையின் தலைமை அதிகாரி மூன்று துணிகளில் ஒன்றை எடுக்கிறார். நீளத் துணி வந்தால் மழை குறைவு. குட்டைத் துணி வந்தால் வயலில் தண்ணீர் நிறைய, வேட்டியை மடித்துக் கட்டிக்கொள் என்று அர்த்தம். சென்னை வானிலை மையத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு?

பிறகு இரண்டு மாடுகளின் முன் நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், சாராயம் என்று ஏழு ஐட்டம் வைக்கிறார்கள். மாடு எதில் வாய் வைக்கிறதோ அதற்கேற்ப அந்த ஆண்டின் பலன். சாராயத்தைக் குடித்தால் போக்குவரத்து பெருகும், வெளிநாட்டு வியாபாரம் செழிக்கும், பொருளாதாரம் எகிறும்! நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதம் என்று 2023-ல் கோபசந்திரத்தில் நேஷனல் ஹைவேயையே மறித்தோம். நம் மாடு டிராஃபிக்கை நிறுத்துகிறது. அவர்கள் மாடு ஒரு மடக்கில் டிராஃபிக்கைப் பெருக்குகிறது.

சரி, தமிழ்ப்பாட்டு? தேவஸ்தான் பிராமணர்கள் நிஜமாகவே பாடுகிறார்கள். வெள்ளை உடை, உச்சிக்கொண்டை, முகமெல்லாம் தாய்லாந்து. கிரந்த எழுத்தின் வழிவந்த எழுத்தில் எழுதிய சுவடிகளைப் பார்த்து ஓதுகிறார்கள். கைலாசத்தின் கதவைத் திறக்கும் மந்திரம் என்று அதற்கு மதிப்பு. புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1972-ல் நீலகண்ட சர்மாவின் நூலாக அந்தச் சுவடிகளை வெளியிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலு தனியே ஆராய்ந்தார். காஞ்சிப் பெரியவர் தன் பேச்சுகளில் சிலாகித்தார். திருவெம்பாவை என்ற பெயரில் நடக்கும் சடங்கின் சுவடிகளில் தேவாரப் பாடல்களும் கலந்திருந்தன. தூங்கும் தோழியை எழுப்ப மாணிக்கவாசகர் பாடினார். அது போய் எழுப்பியது மொத்த ஆராய்ச்சி உலகத்தை.

பாடுகிறவர்களுக்கு அர்த்தம் தெரியாது என்று நாம் கொஞ்சம் பரிதாபப்படுவது வழக்கம். ஐயா, நம் கல்யாணத்தில் புகை கண்ணைக் கரிக்க, ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னோமே, எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று நமக்குத் தெரியுமா? அர்த்தம் தெரிந்திருந்தால் சிலர் எழுந்து ஓடியிருப்பார்கள்.

ஊஞ்சல் என்ன ஆயிற்று? 1920-ல் காஸ் ஆலைக்கு இடம் வேண்டும் என்று அதைப் பெயர்த்து இப்போதைய இடத்தில் நட்டார்கள். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சிவபெருமானுக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆட்கள் விழுந்து செத்ததால் 1930-களில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். உலகத்துக்கு கியூ.சி. பாஸ், ஊஞ்சலுக்கு ஃபெயில்.

அந்த 1920 மராமத்துக்குத் தேக்கு கொடுத்தது லூயிஸ் டி. லியோனோவன்ஸ் கம்பெனி. இந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லூயிஸின் அம்மாதான் அன்னா லியோனோவன்ஸ். 1862 முதல் ஐந்து வருடம் மோங்குட் மன்னரின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டீச்சர். மன்னருக்குக் குழந்தைகள் 82. கிளாஸ் சைஸ் பற்றி அன்னா புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். 1870-ல் புத்தகம் போட்டார். அந்தப்புரம், அடிமைகள், கொடுங்கோல் மன்னர், நடுவே தைரியமான வெள்ளைக்கார சீமாட்டி. பிறகு அது நாவலாகி, பிராட்வே இசை நாடகமாகி, யூல் பிரைனர் மொட்டைத் தலையோடு ஆடிய சினிமாவும் ஆனது. தாய்லாந்து அந்தப் படத்தைத் தடை செய்தது. 27 வருடம் பிக்குவாக இருந்து பாலியும் வானவியலும் படித்த மனிதரைக் கட்டாந்தரையில் குதித்துக் குதித்து ஆடவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அன்னா தன்னைப் பற்றிச் சொன்னது: பிறந்தது வேல்ஸ், அப்பா கேப்டன், கணவர் மேஜர். நிஜம்: பிறந்தது 1831-ல் நம் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர், அம்மா ஆங்கிலோ இந்தியர், கணவர் குமாஸ்தா. பொய் நூறு வருடம் தாக்குப்பிடித்தது. 1970-களில் அதைப் பிரித்தவர் வரலாற்றாசிரியர்கூட இல்லை; பிரிஸ்டோ என்ற சிலந்தி ஆராய்ச்சியாளர். வலையைப் பார்த்துப் பழகிய கண். மேற்கு நாடுகளுக்குச் சயாமைக் ‘கண்ணால் கண்டு’ சொன்ன வேல்ஸ் சீமாட்டி, கடைசியில் நம்மூர் அம்மணி.

இதற்காக அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு உண்மையான பயோடேட்டாவைக் கொடுத்திருந்தால் டீச்சர் வேலை கிடைத்திருக்குமா? ஓசூரில் இன்டர்வியூவுக்கு நிற்கும் எத்தனை பேரின் ரெஸ்யூமேயைச் சிலந்தி ஆராய்ச்சியாளரிடம் காட்ட முடியும்?

மன்னருக்கு ராமர் பட்டம் வைத்த நாட்டின் ராமாயண விஷயம் கொஞ்சம் சென்சிடிவ். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதினார். சாகித்ய அகாதமி விருது வாங்கினார். அவருடைய அனுமார் பரம பிரம்மச்சாரி. முதலாம் ராமர் 1797-ல் தொகுக்கச் செய்த ‘ராமகியான்’ அனுமார் வேறு. கடலில் பாலம் கட்டப் போன இடத்தில் மச்சகன்னியோடு காதல். விபீஷணனின் மகளோடும் காதல். மீன்வாலோடு பிள்ளைகூட உண்டு. சனிக்கிழமை வெண்ணெய்க்காப்பு சாத்துகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அவரும் தாண்டிப் போய்தான் கெட்டார்.

இத்தனைக்கும் நடுவே, தாய்லாந்தின் மதத்தை உண்மையிலேயே கையில் எடுத்து அலசிய தமிழர் ஒருவர் இருக்கிறார். எந்த ஃபார்வர்டிலும் வரமாட்டார், யானையும் கிடையாது. ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. 1929-ல் பிறந்த இலங்கைத் தமிழர், கிறிஸ்தவக் குடும்பம். 1956-ல் மாணவர்களோடு கல்லோயாவில் கள ஆய்வுக்குப் போன இடத்தில் இனக் கலவரத்தில் மாட்டினார். 1960-ல் யுனெஸ்கோ வேலையாகத் தாய்லாந்து போனார். சொந்த நாட்டில் பௌத்தர்களுக்கு நடுவே நிம்மதி இல்லாத கிறிஸ்தவத் தமிழர், அடுத்த நாட்டுப் பௌத்தத்துக்கு உலகப் பெரிய நிபுணரானார். விதி என்பவர் நல்ல நகைச்சுவை எழுத்தாளர்.

உடோன் தானி மாகாணத்தில் பான் ப்ரான் முவான் என்ற கிராமத்தில் அவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். அதுவரை வந்த படிப்பாளிகளுக்கு ஒரே குழப்பம்: இவர்கள் பௌத்தரா, பேய் வணங்கிகளா, பிராமணச் சடங்குக்காரர்களா? தம்பையா பார்த்தார். குழப்பம் கிராமத்தில் இல்லை, படிப்பாளிகள் தலையில்தான் இருந்தது.

கிராமம் சுத்தமாக டிபார்ட்மென்ட் பிரித்து வைத்திருந்தது. சாவு, அடுத்த பிறவிக்குப் புண்ணியம் என்றால் பிக்கு. மனசு பயந்து உயிர் உடம்பைவிட்டுக் கொஞ்சம் வெளியே போய்விட்டதா? அதைக் கூப்பிட்டு மணிக்கட்டில் நூல் கட்டிப் பூட்ட, பிராமணர் என்று பொருள்படும் பெயரில் ஒரு பெரியவர். ஊர்க்காவல் தெய்வத்திடம் பேச வேறொரு ஆள். அந்த ‘பிராமணர்’ யாரென்று விசாரித்தால், இளமையில் பிக்குவாக இருந்துவிட்டு, காவியைக் கழற்றிக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கும் உள்ளூர் விவசாயி. ரிட்டயர்டு துறவிக்கு இவ்வளவு நல்ல செகண்ட் இன்னிங்ஸ் வேறெங்கும் கிடையாது.

மழைக்கும் டிபார்ட்மென்ட் உண்டு. வானத்தை நோக்கி ராக்கெட் விடுகிறார்கள்! மூங்கிலில் வெடிமருந்து அடைத்து, காவல் தெய்வத்துக்குச் சமர்ப்பித்து, கொளுத்தி மேலே அனுப்புகிறார்கள். நாம் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்து வருண பகவானைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறோம். அவர்கள் நேரடியாகச் சுடுகிறார்கள்.

கேம்பிரிட்ஜ், சிகாகோ, கடைசியாக ஹார்வர்டு. தம்பையாவின் ஒரு புத்தகத்தின் பெயரிலேயே உலகை வென்றவனும் உலகைத் துறந்தவனும் ஒன்றாக நிற்கிறார்கள். 1984-ல் தாயத்துகள் பற்றி எழுதியதுதான் என் ஃபேவரிட். உலகமே வேண்டாம் என்று காட்டுக்குள் ஓடிய பிக்குகளைத் தேடி பாங்காக்கின் பாங்கர்களும் ஜெனரல்களும் காட்டுக்குள்ளேயே வந்தார்கள். ஆசி வாங்கி, அவர் உருவம் பதித்த தாயத்து வார்த்து, விநியோகம். ஆசையைத் துறந்தவரின் முகத்துக்கு மார்க்கெட்டில் விலை ஏறியது. அவர் இன்னும் உள்காட்டுக்கு ஓடினார். விலை இன்னும் ஏறியது.

தம்பையா எழுதி இருபது வருடம் கழித்து இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. நக்கோன் சி தம்மராத் ஊரிலிருந்து சதுக்காம் ராமதேப் என்ற தெய்வத்தின் தாயத்து கிளம்பி, 2007-ல் நாடே பைத்தியமானது. பிஸ்கட் அளவு வில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ‘சூப்பர் பணக்காரன்’ ரகத்தில் பெயர். விளம்பரம், முன்பதிவு, மறுவிற்பனை, கூட்ட நெரிசலில் ஒரு சாவு. அப்புறம் ஒருநாள் விலை சரிந்தது, வில்லை மட்டும் மிஞ்சியது. நம் கொங்கு, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஈமு கோழியை நாம் மறந்தாலும் அது நம்மை மறக்காது. தாயத்துக்குத் தீனியாவது போட வேண்டாம்.

கடைசியாக நம் பிரம்மா. இங்கே அவர் நிலைமை தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து ரோடு பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் திருவண்ணாமலை. சம்பவம் நடந்தது அங்கேதான். சிவனின் முடியைப் பார்த்துவிட்டேன் என்று பிரம்மா பொய் சொன்னார். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. ‘உனக்குக் கோயில் கிடையாது போ’ என்று சாபம். திருப்பட்டூர், கும்பகோணம் மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் தவிர உலகத்தைப் படைத்தவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் இல்லை.

மனிதர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். 1950-களில் பாங்காக்கில் அரசாங்கம் ஒரு ஹோட்டல் கட்டியது. பெயர் எரவான், அதாவது இந்திரனின் ஐராவதம். தொழிலாளர்களுக்கு அடிமேல் அடி, செலவு எகிறியது, இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல் கப்பலோடு கடலில் போனது. ஜோதிடம் தெரிந்த கடற்படை அதிகாரி ஒருவர் கணக்குப் போட்டார்: அஸ்திவாரம் போட்ட நாள் சரியில்லை, பிரம்மாவை வையுங்கள். 1956 நவம்பர் 9-ல் நான்முகன் வந்து உட்கார்ந்தார். விபத்துகள் நின்றன என்கிறார்கள். இந்திரன் யானைக்கு பிரம்மா ஜாமீன்.

1987-ல் அந்த ஹோட்டலை இடித்துவிட்டு வேறு கட்டினார்கள். ஹோட்டலைக் காப்பாற்ற வந்தவர் மட்டும் அங்கேயே இருக்கிறார். பாங்காக்கின் நெரிசலான முக்கில் நாள் முழுக்கச் சாமந்தி மாலை, ஊதுவத்தி, மர யானைகள். வேண்டுதல் பலித்தால் காசு கட்டி நடனப் பெண்களை ஆடவைக்கலாம். பௌத்தர்களுக்கு அவருடைய நான்கு முகங்களும் மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை. லாட்டரிச் சீட்டோடு வருகிறவர்களுக்கு எந்த முகம் என்பது அவரவர் இஷ்டம்.

அந்த ஊரில் அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் பூமி தேவதைக்குக் குட்டி வீடு உண்டு. படையல்? சிவப்பு ஃபான்டா, ஸ்ட்ராவோடு. நம் முனீஸ்வரன் சுருட்டும் சாராயமும் கேட்கும்போது, ஆயுத பூஜையன்று வெல்டிங் ரோபோவுக்கு நாம் சந்தனப் பொட்டு வைக்கும்போது, இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. ஸ்ட்ரா மட்டும் கொஞ்சம் டீசன்ட்.

இந்த பிரம்மாவுக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தனிப் பக்தர் கூட்டம் உண்டு. டார்கெட் அடித்த டீலர்களையும் காண்ட்ராக்டர்களையும் கம்பெனிகள் நான்கு நாள் ‘பாங்காக் டூர்’ அனுப்புகின்றன. அதில் மூன்று நாள் பட்டாயா. அங்கே என்ன பார்த்தார்கள் என்பது அவர்களுக்கும் அவர்களுடைய ட்ராவல் ஏஜென்ட்டுக்கும் தெரியும். நான்காம் நாள் காலை குளித்து, விபூதி பூசி, எரவான் முக்கில் இறங்கி, பத்து நிமிடத்தில் இருபது போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். ‘கோயில் கோயிலா சுத்தினோம்மா, கால் வலிக்குது.’

திருவண்ணாமலையில் ஒரே ஒரு பொய் சொன்னதற்காகக் கோயில் இழந்தவர், அங்கே உட்கார்ந்து நாலு வாயாலும் ஆமாம் என்கிறார்.